கவாத்தில் வெட்டுப்பட்ட வயர்

1

ரொட்டிக் கடையின் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டபோது நான் தெருமுனையைத் தாண்டியிருந்தேன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. கையிலிருந்த பையில் முதலாளி கட்டிக் கொடுத்த பத்து ரொட்டிகள் இன்னும் சூடாக இருந்தன. துணி வழியாக அந்தச் சூடு முழங்காலில் பட்டுக்கொண்டே வந்தது.

பஹ்ரைனில் முஹரக் என்பது ஒரு சின்னத் தீவு. அதையும் தலைநகரம் மனாமாவையும் கடல்மேல் ஒரு பாலம் சேர்க்கிறது. பாலத்தில் நடைபாதை இருக்கிறது, நடக்கிறவர்கள்தான் குறைவு. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் ஓர் இடத்தை விட்டுப் போகும்போது நான் நடந்துதான் போவேன். உத்தமபாளையத்தில் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டபோது அப்படித்தான் போனேன். பிறகு குமுளிக்கு மேலே ஏலத்தோட்டம், திருப்பூரில் சாயப்பட்டறை, மறுபடியும் ஏலத்தோட்டம். எல்லா இடத்திலிருந்தும் பையை எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

இந்த நாட்டுக்கு வந்து அன்றோடு பதினோரு வருஷம். கடைசி ஆறு வருஷம் ரொட்டி அடுப்பு. அதை விட்டாயிற்று. இரண்டு நாள் கழித்துக் கொச்சிக்கு விமானம். கொச்சியிலிருந்து பஸ் ஏறி, குமுளியில் மலையிறங்கி, கம்பத்தைத் தாண்டினால் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஐந்து சென்ட் இடத்தில் நான் கட்டிய இரண்டு அறை வீடு. இனி அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பின்னால் இருக்கும் அரை ஏக்கர் திராட்சைப் பந்தலைக் குத்தகைக்குக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் கூலிக்குப் போகலாம், பழைய கொடியை வெட்டிவிடும் கவாத்து வேலை எனக்குத் தெரியும்.

மனைவி ஆமினாவிடம் இதைச் சொல்லவில்லை. மகள் ரிஸ்வானாவிடமும் சொல்லவில்லை. நேரே போய் நின்று கதவைத் தட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இது சின்னப்பிள்ளைத்தனமான ஆசைதான். ஆனால் இந்தப் பதினோரு வருஷத்தில் மூன்று தடவைதான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். மூன்று தடவையும் வருகிற தேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பந்தல் முனையில் ஆட்கள் நின்று பையை வாங்கிக்கொண்டார்கள். என் வீட்டுக் கதவை நானே தட்டியதில்லை.

2

வெளிநாட்டில் எப்படி இருக்கிறாய் என்று ஊரில் கேட்பார்கள். பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. காலை மூன்றரைக்கு மாவு, ஐந்துக்கு அடுப்பு, பகலில் தூக்கம், மறுபடியும் அடுப்பு. அடுப்பின் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்ட வேண்டும், வெந்ததும் உரித்தெடுக்க வேண்டும். இரண்டாம் வருஷத்திலேயே விரல் நுனிகள் வழுவழுப்பாகிவிட்டன.

அதன் பலன் அரசாங்க அலுவலகத்தில்தான் தெரிந்தது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் கைரேகை வைக்கச் சொல்வார்கள். கண்ணாடியில் விரலை வைப்பேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைப்பேன். சிவப்பு விளக்கு. கவுண்டரில் இருக்கும் பெண் என் விரலைத் தன் பேனாவால் அழுத்திப் பார்ப்பாள். பிறகு வேறொரு மாடிக்கு அனுப்புவாள். அங்கே டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். கடைசியாகப் போனபோது, "உனக்கு ரேகையே இல்லையே, நீ யார்?" என்று அங்கிருந்தவர் அரபியில் கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். ரொட்டிக்காரன் என்று நான் அரபியில் சொன்னேன். எனக்கு அரபியில் தெரிந்த நாற்பது ஐம்பது சொற்களில் அது ஒன்று. மற்றபடி நான் பேசுவது ஏலத்தோட்டத்தில் படித்த மலையாளம். இங்கே பாதிப் பேருக்கு அது போதும். நீ இடுக்கியா கோட்டயமா என்று கேட்பார்கள். மலைக்கு இந்தப் பக்கம் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது.

அறையில் ஆறு பேர். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் வேலையில் இருப்பான். ஒரே அறையில் நான்கு மாதம் இருந்த ஒருவனோடு நான் மொத்தமாகப் பத்து வார்த்தை பேசியிருப்பேன்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அரைமணி நேரம். எங்கள் ஊரில் மாலை ஏழு மணி, இங்கே நாலரை. அப்போது கடைக்குப் பின்னால் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போடுவேன். அந்த அரைமணியை நல்லபடியாக வைத்துக்கொள்ளத்தான் போன வருஷம் வீட்டுக்கு இன்டர்நெட் போடுவது என்று தீர்மானித்தோம். கேபிளா வயர்லெஸா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் வீட்டிலும் வந்திருக்கும், அல்லது வரும்.

3

எங்கள் வீட்டில் செல்போன் சரியாக எடுக்காது. மேற்கே மலை. மொட்டைமாடியில் ஏறினால் சில நேரம் மலைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் வரவேற்புச் செய்தி வரும். கீழே இறங்கினால் அதுவும் போய்விடும். அப்போது மூன்று வழிகள் இருந்தன. மாடியில் டிஷ் மாதிரி ஒரு தட்டு வைத்து, கம்பம் ஊரிலிருக்கும் டவரைப் பார்த்துத் திருப்பி வைப்பது ஒன்று. சிம் போட்ட ஒரு டப்பாவை வாங்கி, எங்கே சிக்னல் இருக்கிறதோ அங்கே சொருகிவைப்பது இன்னொன்று. மூன்றாவது, ரோட்டிலிருந்து கேபிள் இழுப்பது.

கேபிள்காரர் சுருளி வீட்டுக்கு வந்து நின்றபோது ஆமினா எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். சாதாரணப் போன் பேச்சு மட்டுந்தான் மாடிப்படியில் நின்றால் எடுக்கும்.

"அண்ணே, தட்டு மட்டும் வேணாம்ணே" என்றார் சுருளி. "ஆடி மாசம் அடிக்கிற காத்துக்கு அது கேரளாவப் பாத்துத் திரும்பிக்கிரும். அப்புறம் நீங்க இங்கன பேசுனா இடுக்கியில கேக்கும்."

"அப்ப அந்த டப்பா?" இது ஆமினா.

"டப்பா நல்லதுதான் மதினி. சாயங்காலம் ஊரே படம் பாக்க உக்காரும்ல, அப்பப் பாருங்க. நெட்டு ரேசன் கடை க்யூ மாதிரி ஒவ்வொருத்தருக்கா வரும்."

"ஒங்க வயர ஆடு கடிச்சா?"

"கடிச்சா ஆட்டுக்குத்தான் மதினி நெட்டு கெடைக்கும்."

ஆமினா சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். "ஏங்க, டப்பாவே வாங்கிருவோம்" என்றாள் என்னிடம். "கரண்டுல சொருகுனாப் போதும். எங்கன வேணா தூக்கிட்டுப் போயிறலாம்."

"எங்க தூக்கிட்டுப் போகப் போற?" என்று கேட்டேன்.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

நான் கேபிள்தான் என்று சொன்னேன். மழைக்கு அசையாது, நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் தாங்கும் என்று சுருளி சொன்ன காரணங்களையே திருப்பிச் சொன்னேன். அவை உண்மைதான். ஆனால் என் காரணம் வேறு. இந்தத் தீவிலிருந்து கடலுக்கு அடியில் ஒரு வயர் போகிறது என்று ஷாஜி சொல்லியிருந்தார். ஷாஜி மலையாளி, முன்பு என் அறையில் இருந்தவர், இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் வேலை பார்க்கிறவர். அந்த வயர் பம்பாயிலோ கொச்சியிலோ கரையேறி, ரோட்டோரமாக மதுரைக்கும் தேனிக்கும் வந்து, கடைசியில் என் வீட்டுச் சுவரில் நான் பணம் கொடுத்துப் போட்ட ஓட்டைக்குள் நுழையும். நான் அலைந்தவன். என் வீடு ஓரிடத்தில் கட்டிப்போட்டது போல நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நான் இல்லாதபோதும் அவர்கள் அந்தச் சுவருக்குள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள அந்த வயர் தோதாக இருந்தது. இதை ஆமினாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

4

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடுவில் முழுக்கத் திராட்சைப் பந்தல். போஸ்ட் நட இடமில்லை, நட்டால் தோட்டத்துக்காரர் விடமாட்டார். சுருளி யோசித்தார். பந்தலில் ஏற்கெனவே வரிசையாகக் கல்தூண் இருக்கிறது, தூணுக்குத் தூண் கம்பி ஓடுகிறது. அந்தக் கம்பியோடு சேர்த்து இன்டர்நெட் வயரைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஒரு பகலில் வேலை முடிந்தது. எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். பச்சை இலைக்கும் காய்க்கும் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அந்தப் படத்தை ரொம்ப நாள் போனில் முகப்பில் வைத்திருந்தேன்.

திராட்சை தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். எனக்குக் கவாத்துத் தெரியும், சுருளி அந்த மண்ணிலேயே பிறந்தவர், ஆமினாவின் அப்பா திராட்சை யாவாரி. ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் திராட்சைக்குக் காலம் கிடையாது. ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் கத்தரியோடு இறங்கி, பழைய கொடியையெல்லாம் வெட்டித் தள்ளிப் பந்தலை மொட்டையாக்கிவிடுவார்கள். முதல் கவாத்திலேயே வயர் போயிற்று. அன்று நான் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து நாற்பது தடவை போன் போட்டேன். மறுநாள் ரிஸ்வானா ரோட்டுக்கு வந்து சிக்னல் பிடித்துப் பேசினாள்.

"அத்தா, கவாத்து வெட்டுறவுக வெட்டிப்புட்டாக. கேட்டா, காஞ்ச கொடின்னு நெனச்சோம்ங்கிறாக."

சுருளி வந்து ஒட்டினார். இனி இப்படி ஆகாது என்று சொல்லி, பார்த்ததும் தெரிகிற மாதிரி வயர் நெடுகச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டுப் போனார். பதினோரு இடத்தில் கட்டியதாக ரிஸ்வானா எண்ணிச் சொன்னாள்.

அந்தத் தோட்டத்துக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. நோய் விழுந்த கொடி எதுவோ அதில் முன்கூட்டியே சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார். கவாத்துக்கு வருகிறவர்களிடம், "செவப்ப மட்டும் விட்றாதீக, ரெண்டு பக்கமும் வெட்டி வெளிய போட்ருங்க" என்று சொல்லிவிடுவார். அடுத்த கவாத்தில் அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். ஒவ்வொரு ரிப்பனுக்கும் இரண்டு பக்கமும் வெட்டி, துண்டுகளைக் குவித்துத் தீயும் வைத்துவிட்டார்கள். எரியும்போது வந்த நாற்றத்தில்தான் இது கொடி இல்லை என்று தெரிந்ததாம்.

"கொத்துக்கொத்தா வெட்டிருக்காகளே ஆத்தா" என்று சுருளி தலையில் கைவைத்து நின்றதாகவும், வெட்டிய பெண்களில் ஒருத்தி, "பொட்டு வச்சுப் பூ வச்சு வெட்டுன்னு நீதானப்பா காட்டிக் குடுத்த" என்று அவரிடமே சொன்னதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். இப்போது எழுதும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அன்றுதான் ரிஸ்வானா கல்லூரிச் சேர்க்கைக்கு விருப்பப் பட்டியலை ஆன்லைனில் போட வேண்டிய கடைசி நாள். லேப் டெக்னீசியன் படிப்பு. இரண்டு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வயர் போனதும் ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸைப் பிடித்து, உத்தமபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் முறை வந்தபோது முடிகிற நேரத்துக்குக் கொஞ்சம்தான் இருந்ததாம். போட்டுவிட்டாள். தேனியில் இடம் கிடைத்தது. ஆனால் அன்று சாயங்காலம் ரோட்டில் நின்று என்னிடம் பேசியபோது அவள் குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "முடிஞ்சிருச்சுத்தா" என்றாள். அவ்வளவுதான். கோபப்பட்டிருக்கலாம்.

5

அந்த வாரமே ஆமினா டப்பா வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் சொன்னாள்.

"நான் சொன்னது கேபிளு" என்றேன்.

"நீங்க சொன்னது கேபிளுதான். வெட்டுப்பட்டதும் கேபிளுதான்."

 டப்பாவை எந்த மூலையில் வைத்தார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாள் விட்டுவிட்டு வந்தது. கல்லூரி திறந்து ஒரு மாதம் கழித்துத் திடீரென்று நன்றாக வர ஆரம்பித்தது. ஆமினாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருக்கும். புது டவர் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கேபிளுக்காகச் சண்டை போட்டதை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

படம்தான் குறைந்துகொண்டே வந்தது. சார்ஜ் இல்லை என்பார்கள். கண்ணு வலிக்குது, வீடியோ வேண்டாம் என்பார்கள். எப்போதாவது படம் வந்தால் பின்னால் பூப்போட்ட போர்வை ஒன்று தொங்கும். துணி காயப் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ரிஸ்வானா என்னோடு பேசுவதும் சுருங்கிவிட்டது. என்ன சாப்பிட்டாய் என்றால் சோறு. காலேஜ் எப்படி என்றால் நல்லாருக்கு. "அத்தா, டைப் பண்ணி விடுங்க, நான் அப்புறம் பாக்குறேன்" என்பாள். வழுக்கும் விரலால் நான் ஒரு வரி அடிப்பதற்குள் கடையில் ஆள் கூப்பிடுவார்கள். அடித்து அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும்.

பிள்ளைகள் வளர்ந்தால் அப்படித்தான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் கூடவே வைத்திருக்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள்.

6

அன்று பாலத்தில் பாதி தூரம் வந்தபோது நாலரை ஆகிவிட்டது. மார்கழிக் காற்று, கடல் காற்று வேறு. பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போன் போட்டேன். இன்னும் மூன்று நாளில் நேரில் பார்க்கப் போகிறோம் என்பதை மறைத்துப் பேச வேண்டும் என்ற உற்சாகத்தில் இருந்தேன். ஆமினா எடுத்தாள். தக்காளி விலை பேசினோம். அப்போது அந்தப் பக்கம் நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு தடதடவென்று ஓடியது. அது அடங்குவதற்குள் மறுபடியும் அந்த நீளமான சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"டிவி" என்றாள்.

"டிவில ரயிலு இவ்வளவு நேரமா போகுது?"

எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் கிடையாது. மதுரையிலிருந்து வருகிற ரயில் தேனி வழியாகப் போடிக்குப் போய்விடும். கம்பத்தில் இருக்கிறவன் ரயில் சத்தம் கேட்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும்.

அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏங்க, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது" என்றாள்.

"சொல்லு."

"நாங்க தேனிக்கு வந்துட்டோம்."

"எப்ப?"

"காலேசு தொறந்து ஒரு மாசத்துல."

நாலு மாதம். ஒவ்வொரு நாளும் பேசிய நாலு மாதம்.

"வீடு?"

"ஒரு திராட்சை யாவாரிக்கு வாடகைக்கு விட்டுருக்கு. ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. பெட்டி அடுக்கி வச்சுருக்காக."

"எந்த ரூம்ல?"

"ரெண்டு ரூம்லயும்."

கீழே ஒரு படகு போனது. அதில் இருந்தவன் பாலத்தைப் பார்த்துக் கையசைத்தான். எனக்கில்லை, யாருக்கோ.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்பீக. வேணாம்னு சொன்னப்புறம் வந்தா நான் மீறி வந்ததா ஆயிரும். சொல்லாம வந்தா மீறுனதா ஆகாதுல்ல?"

 அவளே தொடர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை. மறுபடி மறுபடி மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு என்று தெரிந்தது.

"போக ரெண்டு பஸ்ஸு, வர ரெண்டு பஸ்ஸு. புள்ள வந்து எறங்கையில இருட்டிருது. பந்தலுக்குள்ள ஒத்தையில நடந்து வரணும். நான் டார்ச்ச எடுத்துக்கிட்டு ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடந்தேன், ஒரு மாசம். அந்த வீட்டுல பக்கத்துல பேச ஆளு கெடையாது. நீங்க கட்டுன வீடு நல்ல வீடுதாங்க. அங்கன இருந்தது நாங்க ரெண்டு பேருதான். நீங்க இல்ல."

 அவள் போனை ரிஸ்வானாவிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்ததும் படம் வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவளாகவே படத்தைப் போட்டாள். போர்வை இல்லை. பச்சைச் சுவர். ஒரு கட்டில், சுருட்டி வைத்த ஒரு பாய், தரையில் புத்தகம். ஜன்னல் திட்டில் டப்பா, அதில் சின்னச் சின்ன விளக்குகள்.

"பாருங்கத்தா, ஜன்னல்ல வச்சா அஞ்சு புள்ளியும் எரியும்" என்றாள். "லேப்புல நேத்து எங்க ரத்தத்த நாங்களே எடுத்துப் பாத்தோம். எனக்கு நடுங்கவே இல்ல. மிஸ்ஸே சொன்னாக." அவள் இவ்வளவு பேசி நான் கேட்டு நாளாகிவிட்டது. பேசிக்கொண்டே இருந்தாள். நாலு மாதமாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த எல்லாம் வந்தது. கல்லூரி எந்தப் பக்கம், நடந்தே எத்தனை நிமிஷம், கீழ்வீட்டில் யார். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் ஏன் ஒரு சொல்லில் பதில் சொன்னாள் என்று அப்போதுதான் புரிந்தது. நீட்டிச் சொன்னால் தேனி வந்துவிடும்.

"ஒண்ணர வருசந்தான் அத்தா. முடிச்சு நான் வேலைக்குப் போயிட்டா நீங்க வந்துறலாம்."

"சரி" என்றேன்.

"கோவமா?"

"இல்லடா."

ஆமினா மறுபடியும் போனை வாங்கினாள். "இப்ப எங்கன நிக்கிறீக? ஒரே காத்தா அடிக்குது."

"கடைக்கு வெளிய" என்றேன். "இப்பத்தான் ரொட்டி போட்டு முடிச்சோம். உள்ள புழுக்கமா இருந்துச்சு."

"சட்டையப் போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றாள்.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவள் நாலு மாதம் சொன்ன பொய்யை நான் நாலு நிமிஷத்தில் திருப்பிச் சொல்லியிருந்தேன். என் போனிலும் வயர் இல்லை. நான் அடுப்புக்கு முன்னால் நிற்கிறேனா, வேலையில்லாமல் கடலுக்கு மேல் நிற்கிறேனா என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

விமானத்தில் ஏறியிருக்கலாம். வராதே என்று யாரும் சொல்லவில்லை. கட்டிலை நகர்த்தினால் அந்தப் பச்சை அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறது, பார்த்தேன். ஆனால் வேலையில்லாத ஒரு ஆள் அந்தப் பாயில் படுத்துக்கொண்டு, புத்தகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக்கொண்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்தேன். வேலை அனுமதி கடையின் பெயரில் இல்லை, என் பெயரில் இருந்தது, இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மீதி பாதியையும் நடந்தேன்.

7

இரண்டு நாள் தங்கிக்கொள்கிறேன் என்று முன்பே ஷாஜியிடம் சொல்லி வைத்திருந்தேன். அறைக்குப் போய் ரொட்டிப் பையைக் கொடுத்தேன். நாட்டுக்குப் போகிற ஆளுக்கு முகம் ஏன் இப்படி என்று மலையாளத்தில் கேட்டார். போகவில்லை என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை, அது இந்த ஊரின் நல்ல குணம். ரொட்டியைப் பிய்த்து மீன்குழம்பில் தோய்த்துக்கொண்டே, தன் வண்டியில் ஓர் ஆள் குறைவாக இருப்பதாகச் சொன்னார். ஏணி பிடிக்க வேண்டும், சுவரில் ஓட்டை போட வேண்டும், வயர் இழுக்க வேண்டும். வெயில் காலத்தில் கஷ்டம், இப்போது பரவாயில்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் படுத்தேன். காலை ஏழு மணிக்கு வண்டியில் ஏறினேன். முன் சீட்டில் ஷாஜி, பின்னால் ஏணிக்கும் வயர்ச் சுருளுக்கும் நடுவில் நான். ஒரு பக்கம் கேபிள் போடும் சாமான், இன்னொரு பக்கம் அட்டைப் பெட்டிகளில் டப்பாக்கள். ஆமினா வாங்கியதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்.

போகிற வழியில் ஷாஜி வேலையைச் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்குள் போனதும் கேபிளா வயர்லெஸா என்று கேட்கக் கூடாது, அது யாருக்கும் தெரியாது, எது மலிவோ அதைச் சொல்வார்கள். இந்த வீட்டில் எத்தனை நாள் இருக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் சுவரில் ஓட்டை போடலாம். இல்லாவிட்டால் டப்பா.

முதல் வீடு நான்காவது மாடி. கதவைத் திறந்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண், ஆஸ்பத்திரி உடுப்பில் இருந்தாள், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருக்கிறாள். அலமாரிக்கு மேலே இரண்டு சூட்கேஸ். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் படம். ஷாஜி என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன், இந்த வீட்டில் எத்தனை நாள்.

அவள் சுவரைப் பார்த்தாள். விரலில் எண்ணினாள். "டூ இயர்ஸ்" என்றாள். பிறகு, "மேபி" என்றாள்.

இரண்டு வருஷம் என்றால் கேபிளே போடலாம் என்று ஷாஜி டிரில்லை எடுத்தார். அந்த மேபியை என்ன செய்வது என்று நான் மலையாளத்தில் கேட்டேன். அவர் டிரில்லைப் பைக்குள் போட்டுவிட்டு, கீழே போய் ஒரு டப்பா எடுத்து வரச் சொன்னார். நான்கு மாடியும் இறங்கிப் போய் எடுத்து வந்தேன்.